வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர்களைக் கண்காணிப்பது யார்?

நியூயார்க் மாநிலத்தில் அடுத்தவர் நகத்துக்குச் சாயம் பூசுவதைத் தொழிலாகச் செய்ய 250 மணி நேரப் பயிற்சி, தேர்வு, உரிமம் மூன்றும் வேண்டும். முடி வெட்டுபவருக்கும் உரிமம் வேண்டும். பக்கத்துக் கடையில் ஒரு மேசையும் கணினியும் போட்டுக்கொண்டு, காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருடைய வருமானவரிக் கணக்கை எழுதிக் கொடுப்பவருக்கு மட்டும் அமெரிக்க மத்திய அரசு எந்தத் தேர்வும் வைப்பதில்லை. படிப்பு என்ன, அனுபவம் எத்தனை ஆண்டு என்று கேட்பதும் இல்லை. ஓர் அடையாள எண் வாங்கிக்கொண்டால் போதும். மறுநாளே கடை திறக்கலாம்.

இதைப் பலர் நம்ப மாட்டார்கள். வரி என்றால் அமெரிக்க அரசு எவ்வளவு கறார் என்று கேள்விப்பட்டவர்கள், அந்த வரியைக் கணக்கிட்டுத் தருபவர்களையும் அரசு சலித்துப் பொறுக்கித்தான் விட்டிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு சலிப்பு நடத்த ஐ.ஆர்.எஸ். என்னும் வருமானவரித் துறை முயன்றது உண்மை. அந்த முயற்சி எப்படித் தொடங்கி எங்கே விழுந்தது என்பதையும், அதனால் நம் போன்றவர்களுக்கு என்ன ஆபத்து என்பதையும் இங்கே தொகுத்துச் சொல்கிறேன். நான் வக்கீலும் இல்லை, கணக்காயரும் இல்லை. சில வருடங்களாக வரிப் பருவத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் இலவசமாக வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர்களில் ஒருவன். அந்த அளவுக்குத்தான் என் தகுதி.

எழுதுபவர்கள் யார்?

தமிழ்நாட்டில் 'ஆடிட்டர்' என்றால் வரிக்கணக்குப் பார்ப்பவர். கோட்டும் தோல்பையுமாக மரியாதையான மனிதர். இங்கே 'ஆடிட்' என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அது அரசு நம் கணக்கைத் தோண்டிப் பார்ப்பதைக் குறிக்கிறது. வரிக்கணக்கை எழுதிக் கொடுப்பவருக்கு இங்கே வேறு பெயர்: 'டாக்ஸ் பிரிப்பேரர்'. இவர்களில் நான்கு வகை உண்டு.

முதல் வகை வக்கீல்கள். இரண்டாவது சி.பி.ஏ. என்ற கணக்காயர்கள். இவ்விருவருக்கும் மாநில அரசின் உரிமம் உண்டு, தவறு செய்தால் அது பறிபோகும். மூன்றாவது 'என்ரோல்டு ஏஜெண்ட்'. இவர்கள் வருமானவரித் துறை நடத்தும் மூன்று பகுதித் தேர்வில் தேறியவர்கள், அல்லது அந்தத் துறையிலேயே ஐந்தாண்டு உரிய பணியில் இருந்தவர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை 72 மணி நேரம் மேற்படிப்புக் காட்டினால்தான் பட்டம் தொடரும். நான்காவது வகை, இவை எதுவும் இல்லாதவர்கள்.

இந்த நான்காவது வகைதான் எண்ணிக்கையில் மிகப் பெரியது. 2010 வாக்கில் வருமானவரித் துறை போட்ட கணக்கின்படி இவர்கள் ஆறு முதல் ஏழு லட்சம் பேர். பெரிய சங்கிலிக் கடைகளில் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வருபவர்கள், மளிகைக் கடை மூலையில் மேசை போட்டவர்கள், பயண ஏற்பாடும் நோட்டரி முத்திரையும் வரிக்கணக்கும் ஒரே கூரையின் கீழ் செய்பவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். நல்லவர்களும் திறமைசாலிகளும் இதில் நிறைய உண்டு. யார் நல்லவர், யார் அரைகுறை என்பதை வெளியிலிருந்து அறிய ஓர் அடையாளமும் இல்லை என்பதுதான் சிக்கல்.

குதிரையில் தொடங்கிய கதை

இந்தக் கண்காணிப்பின் வேர் வருமானவரிக்கும் முந்தியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், போரில் குதிரையையும் உடைமைகளையும் இழந்தவர்கள் அரசிடம் இழப்பீடு கேட்டார்கள். அவர்கள் சார்பில் வாதாட ஒரு தரகர் கூட்டம் கிளம்பியது. செத்த குதிரைகள் ஏட்டில் பெருகின, விலையும் ஏறியது. இதைக் கட்டுப்படுத்த 1884இல் ஒரு சட்டம் வந்தது. கருவூலத் துறையின் முன் பிறருக்காக வாதாடும் முகவர்களுக்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை அது கருவூலச் செயலருக்குக் கொடுத்தது. இன்றைய என்ரோல்டு ஏஜெண்டுகளின் மூதாதையர் இந்தக் குதிரைத் தரகர்கள்தாம். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 130 ஆண்டு கழித்து இது மறுபடி வரும்.

இன்றைய வருமானவரி 1913இல் வந்தது. முதல் 1040 படிவம் விளக்கக் குறிப்போடு சேர்த்தே நான்கு பக்கம். தனி நபருக்கு 3000 டாலருக்கு மேல் வருமானம் இருந்தால்தான் வரி, அதுவும் அடிப்படை விகிதம் நூற்றுக்கு ஒன்று. பணக்காரர்களின் விவகாரம் என்று பொதுமக்கள் கவலைப்படவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தபோது கதை மாறியது. 1943 முதல் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை வந்ததும், தொழிற்சாலைத் தொழிலாளியும் படிவம் நிரப்ப வேண்டியதாயிற்று.

ஆரம்ப காலத்தில் வரி அலுவலகத்துக்கு நேரில் போனால் அங்குள்ளவர்களே படிவத்தை நிரப்பிக் கொடுப்பதுண்டு. 1955 வாக்கில் கான்சஸ் சிட்டியில் அந்த இலவச உதவி நின்றது. அதே ஆண்டு அதே ஊரில் ஹென்றி, ரிச்சர்ட் என்ற இரு சகோதரர்கள் அந்த வேலையைக் கட்டணத்துக்குச் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் எச் அண்ட் ஆர் பிளாக். அரசு கைவிட்ட இடத்தில் ஒரு தொழில் முளைத்தது.

இந்தத் தொழிலைப் பற்றிக் காங்கிரஸ் விரிவாகச் சட்டம் செய்தது 1976இல். கணக்கை எழுதியவர் கையெழுத்திட வேண்டும். வாடிக்கையாளருக்குப் பிரதி தரவேண்டும். மூன்றாண்டு தன்னிடம் பிரதியோ பட்டியலோ வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு வரும் ரீஃபண்ட் காசோலையைத் தானே மாற்றிக்கொள்ளக் கூடாது. தவறினால் அபராதம். தொடர்ந்து ஏமாற்றுபவரை நீதிமன்றம் தொழிலிலிருந்தே விலக்கலாம். இதற்கு முன்பே, 1971இல், வாடிக்கையாளரின் விவரங்களை அனுமதியின்றி வெளியிடுவது குற்றமாக்கப்பட்டிருந்தது.

கவனித்துப் பாருங்கள். இவை எல்லாம் தவறு நடந்தபின் தண்டிக்கும் விதிகள். தொழிலுக்குள் நுழையும் வாசலில் நின்று தகுதி கேட்கும் விதி ஒன்றுகூட இல்லை.

மாறுவேடத்தில் போன அதிகாரிகள்

பழைய கதைகளில் ராஜா மாறுவேடம் பூண்டு நகர்வலம் போவார். அமெரிக்கக் காங்கிரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ.வும் அதைத்தான் செய்தது. 2006இல் அதன் ஊழியர்கள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போல 19 சங்கிலிக் கடைகளுக்குப் போனார்கள். எழுதப்பட்ட கணக்குகளில் ஏறக்குறைய அனைத்திலும் ஏதோ ஒரு பிழை. பத்து இடங்களில் பக்கத் தொழில் வருமானம் கணக்கிலேயே வரவில்லை.

2008இல் வரித்துறையின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் இதே சோதனையைச் செய்தது. 28 கணக்குகளில் 17 தவறு. 2014இல் ஜி.ஏ.ஓ. மறுபடி 19 கடைகளுக்குப் போனது. ரீஃபண்ட் தொகை சரியாக வந்தது இரண்டே இடங்களில். ஒரு கடையில் 52 டாலர் குறைவு, இன்னொன்றில் 3718 டாலர் அதிகம்.

அதிகமாக வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அது நம் பணமல்ல. பின்னால் வட்டியோடு திருப்பிக் கேட்கப்படும் கடன்.

சிறிய மாதிரிகளை வைத்து நாடு முழுவதையும் எடைபோட முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். அதற்கும் பதில் உண்டு. 2006 முதல் 2009 வரையிலான வருமானவரித் துறையின் ஆய்வுத் தரவை வைத்து ஜி.ஏ.ஓ. போட்ட மதிப்பீட்டில், காசு கொடுத்து எழுதிய கணக்குகளில் நூற்றுக்கு 60இல் பிழை. தாங்களே எழுதிய கணக்குகளில் நூற்றுக்கு 50. காசு கொடுப்பவர்களின் கணக்கு பொதுவாகச் சிக்கலானது என்பதை ஒப்புக்கொண்டாலும், கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி நிற்கிறது.

ஒரு சொல்லில் விழுந்த விதி

வரி செலுத்துவோரின் குரலாக அரசுக்குள்ளேயே இயங்கும் ஓர் அலுவலகம் உண்டு. அதன் தலைவராக நீண்ட நாள் இருந்த நீனா ஓல்சன், 2002 முதலே இந்தத் தொழிலுக்குத் தேர்வும் பதிவும் வேண்டும் என்று காங்கிரசுக்கு எழுதிக்கொண்டிருந்தார். காங்கிரஸ் அசையவில்லை. 2009இல் வருமானவரித் துறை தானே இறங்கியது. ஆறு மாதம் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 2011 முதல் காசு வாங்கும் ஒவ்வொருவரும் 'பிடின்' என்ற அடையாள எண் பெறவேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூனில் முழு விதிகளும் வந்தன. நான்காவது வகையினர் ஒருமுறை தேர்வு எழுதித் தேறவேண்டும், ஆண்டுதோறும் 15 மணி நேரம் படிக்கவேண்டும். தேர்வில் 120 கேள்விகள், கட்டணம் 116 டாலர், 2013 முடிவுக்குள் தேறவேண்டும்.

எதிர்ப்பு சிறு வியாபாரிகளிடமிருந்து வந்தது. சுயமாகத் தொழில் செய்துவந்த மூன்று பேர், ஒரு பொதுநலச் சட்ட அமைப்பின் உதவியோடு 2012இல் வழக்குத் தொடுத்தார்கள். பெரிய கம்பெனிகளுக்குத் தேர்வும் படிப்பும் ஒரு பொருட்டல்ல, செலவும் நேரமும் தங்களைப் போன்ற தனியாட்களைத்தான் நசுக்கும் என்பது அவர்கள் வாதம். 2013 ஜனவரி 18 அன்று மாவட்ட நீதிபதி போஸ்பர்க் விதிகளை நிறுத்திவைத்தார். 2014 பிப்ரவரி 11 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் பிரெட் கவனா, 2018 முதல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர். 'லவிங் வழக்கு' என்று இதைச் சொல்வார்கள்.

இலக்கிய வாசகர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்தால் ரசிப்பார்கள், ஏனென்றால் இது முழுக்க முழுக்க உரை விளக்கம். விதிகளுக்கு ஆதாரமாக வருமானவரித் துறை காட்டியது எதை? அந்த 1884ஆம் ஆண்டுக் குதிரைச் சட்டத்தை. கருவூலத் துறையின் முன் மக்களுடைய 'பிரதிநிதி'களின் தொழிலை ஒழுங்குபடுத்தலாம் என்கிறது அது. கேள்வி எளிமையானது: படிவம் நிரப்பிக் கொடுப்பவர் பிரதிநிதியா?

பரிமேலழகரைப் போலப் பதம் பிரித்துப் பொருள் கண்டது நீதிமன்றம். ஆறு காரணங்கள் சொன்னது. பிரதிநிதி என்பவர் பிறரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்றவர், படிவம் எழுதுபவருக்கு அது இல்லை. துறையின் 'முன்' தொழில் செய்வது என்றால் ஒரு வழக்கோ விசாரணையோ நடக்கவேண்டும், கணக்கு எழுதும் நேரத்தில் எந்த வழக்கும் இல்லை. பழைய சட்டத்தின் வரலாறும் அப்படியே. இந்தப் பொதுச் சட்டமே போதுமென்றால், பின்னாளில் காங்கிரஸ் இத்தனை தனித்தனி அபராத விதிகள் செய்திருக்கத் தேவையில்லை. லட்சக்கணக்கானோரின் தொழிலைக் கட்டுப்படுத்தும் பெரிய அதிகாரத்தை இவ்வளவு மங்கலான சொற்களில் காங்கிரஸ் கொடுத்திருக்காது. கடைசியாக, நூறாண்டுக்கும் மேலாக இப்படி ஓர் அதிகாரம் தனக்கு இருப்பதாக வருமானவரித் துறையே நினைத்ததில்லை.

விதி நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வேண்டுமென்றால் காங்கிரஸ் சட்டம் செய்யட்டும் என்றது. அதன்பின் பல மசோதாக்கள் வந்தன, எதுவும் சட்டமாகவில்லை. சட்டம் மங்கலாக இருந்தால் அரசுத் துறை சொல்லும் நியாயமான பொருளை நீதிமன்றம் ஏற்கவேண்டும் என்ற பழைய மரபையும் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் கைவிட்டுவிட்டது. ஆகவே வருமானவரித் துறை வேறொரு பழைய சட்டத்தைத் தேடி எடுத்து மறுபடி முயலும் வாய்ப்பும் சுருங்கிவிட்டது.

மிச்சம் இருப்பது

அடையாள எண் தப்பியது, அதற்குத் தனிச் சட்ட ஆதாரம் இருந்ததால். அதற்கான கட்டணத்தை எதிர்த்து இன்னொரு வழக்கு. 2017இல் கட்டணம் செல்லாது என்றார்கள், 2019இல் மேல்முறையீட்டில் செல்லும் என்றார்கள். 2011இல் 64 டாலர் 25 சென்டாக இருந்த கட்டணம் 2024 பருவத்துக்கு 19 டாலர் 75 சென்டாக இறங்கியது. இந்த எண் இருந்தால் அவர் யார் என்று தெரியும். அவருக்கு வரி தெரியுமா என்று தெரியாது.

கட்டாயத் தேர்வுக்குப் பதிலாக 2014இல் விருப்பத் திட்டம் ஒன்று வந்தது. ஆண்டுக்கு 18 மணி நேரம் படித்து, அதிலுள்ள சிறு தேர்வில் தேறினால் ஒரு சான்றிதழும், வருமானவரித் துறையின் இணையப் பட்டியலில் பெயரும் கிடைக்கும். இதை எதிர்த்துக் கணக்காயர் சங்கமே வழக்குப் போட்டது, 2018இல் திட்டம் நிலைத்தது. அக்கறை உள்ளவர்கள் சேருகிறார்கள். எவரை நினைத்து விதி செய்தார்களோ அவர்கள் சேருவதில்லை.

தண்டிக்கும் அதிகாரம் கூர்மையாகவே இருக்கிறது. ஆதாரமில்லாத நிலைப்பாட்டால் வரி குறைந்தால், எழுதியவருக்கு 1000 டாலர் அல்லது அந்தக் கணக்கில் பெற்ற கூலியில் பாதி, எது அதிகமோ அது. வேண்டுமென்றே செய்திருந்தால் 5000 டாலர் அல்லது கூலியில் முக்கால் பங்கு. பொய்க்கணக்கு எழுத உதவினால் மூன்றாண்டு வரை சிறை. ஏழை உழைப்பாளிகளுக்கான வரிச்சலுகை, பிள்ளைகளுக்கான சலுகை போன்றவற்றை உரிய கேள்விகள் கேட்காமல் எழுதினால், ஒவ்வொரு தவறுக்கும் தனி அபராதம். அது இப்போது 600 டாலரைத் தாண்டிவிட்டது. 2013 நவம்பரில் ஒஹையோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், நாட்டின் நான்காவது பெரிய சங்கிலியாக இருந்த 'இன்ஸ்டன்ட் டாக்ஸ் சர்வீஸ்' நிறுவனத்தையே இழுத்து மூடியது. எனினும் வழக்கு நடந்து முடிவதற்குள் பல வரிப் பருவங்கள் கடந்துவிடுகின்றன.

ஆரெகனும் கலிபோர்னியாவும்

மத்திய அரசு செய்யாததைச் சில மாநிலங்கள் செய்கின்றன. ஆரெகன் 1970களிலிருந்தே உரிமம் கேட்கிறது: 80 மணி நேர வகுப்பு, பிறகு தேர்வு. கலிபோர்னியாவில் 60 மணி நேர வகுப்பு, 5000 டாலர் பிணைப்பத்திரம், ஆண்டுதோறும் மேற்படிப்பு, ஆனால் அரசு நடத்தும் உரிமத் தேர்வு இல்லை. மேரிலாந்து தேர்வு வைத்திருக்கிறது. நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் பதிவு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் எதுவும் இல்லை.

2008இல் ஜி.ஏ.ஓ. முதலிரண்டையும் ஒப்பிட்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்குகளில், மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் ஆரெகனில் காசு கொடுத்து எழுதிய கணக்கு சரியாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 72 அதிகம். கலிபோர்னியாவில் அந்த வாய்ப்பு குறைவு. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று ஜி.ஏ.ஓ.வே எச்சரித்தது. ஆனாலும் எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. வகுப்பில் உட்கார்ந்ததற்குச் சான்றிதழ் கொடுப்பது வேறு, கற்றதைச் சோதிப்பது வேறு.

நம்மவர்கள் விஷயம்

இந்தியாவிலிருந்து வரும் மாணவனுடைய வரிக்கணக்கும், எச்-1பி விசாவில் வந்த மென்பொருளாளருடைய கணக்கும் சாதாரண அமெரிக்கருடைய கணக்கு அல்ல. எஃப்-1 மாணவன் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக்கண்ணில் 'வசிக்காதவன்'. அவன் எழுதவேண்டிய படிவமே வேறு. இந்திய மாணவனுக்கு மட்டும் இரு நாட்டு வரி உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு நிலையான கழிவைத் தருகிறது, மற்ற நாட்டு மாணவர் பலருக்கு அது கிடையாது. வசிப்பவர் ஆகிவிட்டாலோ உலகம் முழுவதும் வரும் வருமானத்துக்குக் கணக்கு. இந்தியாவில் வரியில்லாத என்.ஆர்.இ. வைப்புநிதி வட்டிக்கு இங்கே வரி உண்டு. இந்திய மியூச்சுவல் ஃபண்டுக்குத் தனிப் படிவம், தனித் தலைவலி. வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் 'எஃப்பார்' அறிக்கை. தெரியாமல் விட்டாலே அபராதம் 10,000 டாலருக்கும் மேல் போகலாம். அது கணக்கு ஒன்றுக்கு அல்ல, அறிக்கை ஒன்றுக்குத்தான் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது சிறு ஆறுதல்.

மூலைக்கடை மேசைக்காரர் இதையெல்லாம் அறிந்திருப்பார் என்று யார் உறுதி தருவது?

எங்கள் நூலக மேசைக்கு ஒரு தம்பி வந்தார். மதுரைப் பக்கம், முதுகலை முடித்து வேலையில் சேர்ந்திருந்தார். படிக்கும்போது அறைத்தோழர்கள் எல்லோரும் ஒரே ஆளிடம் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு 100 டாலர். அந்த ஆள் எல்லோரையும் 'வசிப்பவர்' என்று எழுதி, அவர்களுக்கு உரிமையில்லாத கல்விச் சலுகையைக் கோரி, பெரிய ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "அண்ணா, மத்தவங்களை விட அவர்கிட்டதான் நிறைய வந்துச்சு, அதான் எல்லாரும் போனோம்" என்றார் தம்பி. கணக்கைப் புரட்டினேன். எழுதியவர் கையெழுத்திட வேண்டிய இடம் காலி. அதாவது தாமே எழுதிக்கொண்டதாகத்தான் அந்தக் கணக்கு அரசிடம் போயிருந்தது. இப்படிக் கையெழுத்திடாதவர்களுக்கு இங்கே 'பேய்' என்றே பெயர். அந்தத் தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

எங்கள் மேசை அளவில் தீரும் விஷயம் அல்ல என்பதால் தகுந்த ஒருவரிடம் அனுப்பினோம். திருத்திய படிவங்களோடு சலுகைப் பணத்தையும் வட்டியையும் தம்பி கட்டினார். முதல் வருடச் சம்பளத்தில் அக்கா கல்யாணத்துக்கு என்று ஒதுக்கியிருந்ததில் ஒரு பகுதி போயிற்று. அதைவிட அவரை வாட்டியது வேறு. "நாளைக்கு கிரீன் கார்டுல இது வருமாண்ணா?" என்ற கேள்விக்கு எங்களால் சமாதானம் சொல்ல முடிந்ததே தவிர உத்தரவாதம் சொல்ல முடியவில்லை.

சட்டம் இதில் மிகக் கடுமையானது. யார் எழுதினாலும் கணக்குக்குப் பொறுப்பு அதில் பெயருள்ளவர். பொதுவாக மூன்றாண்டு கடந்தால் அரசு கூடுதல் வரி விதிக்க முடியாது. மோசடிக் கணக்குக்கு அந்தக் கெடு கிடையாது. மோசடி செய்தது எழுதியவர் என்றால்? 2007இல் 'ஆலன்' வழக்கில் வரி நீதிமன்றம் சொன்னது: யார் மோசடி செய்தாலும் கணக்கு மோசடிக் கணக்குத்தான், கெடு இல்லை. அந்த வழக்கின் ஆலன் ஒரு லாரி ஓட்டுநர். பொய்க் கழிவுகளை எழுதியது அவரல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டிருந்தது. 2015இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு மாறாக, மோசடி எண்ணம் வரி செலுத்துபவருடையதாக இருக்கவேண்டும் என்றது. 2025இல் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் மாநிலங்களை உள்ளடக்கிய மூன்றாம் வட்ட நீதிமன்றம், 1990களில் எழுதப்பட்ட கணக்குகள் பற்றிய 'மரின்' வழக்கில், வரி நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. தமிழர் நிறைந்த நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. நமக்குத் தெரியாமல் வேறொருவர் எழுதிய பொய் இருபது ஆண்டு கழித்தும் கதவைத் தட்டலாம்.

பிற நாடுகளில்

ஜெர்மனியில் வரி ஆலோசகர் என்பது கடும் தேர்வுக்குப்பின் கிடைக்கும் பட்டம், பொதுவாக அவர்களும் வக்கீல்களும் தணிக்கையாளர்களும்தான் இத்தொழில் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் 1943 முதலே முகவர் பதிவு உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தேசிய வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. அங்கே எனக்குப் பிடித்த விஷயம் வேறு. எல்லா விவரங்களையும் பதிவுபெற்ற முகவரிடம் கொடுத்துவிட்டு, அவர் அஜாக்கிரதையாகத் தவறு செய்தால், வரியும் வட்டியும் நம்முடையதே என்றாலும் பொய் விவரத்துக்கான அபராதம் நம் தலையில் விழாது. பிரிட்டனில் எவரும் தன்னை வரி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள நீண்ட காலம் தடையே இருந்ததில்லை.

இந்தியா எதிர்த் திசையில் போய்ப் பார்த்தது. 2006இல் வருமானவரிச் சட்டத்தில் 139பி பிரிவைச் சேர்த்து, பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வரிக்கணக்கு எழுதும் வேலைக்கு அரசே ஆட்களை உருவாக்கியது. புதிதாக வரி கட்டுபவரைக் கொண்டுவந்தால், அவர் கட்டும் வரியில் முதலாண்டு நூற்றுக்கு மூன்று, அடுத்து இரண்டு, பிறகு ஒன்று என்று ஊக்கத்தொகையும் வைத்தது. ஒரு நாடு தகுதி கேட்கத் தவித்தது, இன்னொரு நாடு தகுதியை உண்டாக்கிப் பார்த்தது.

இரு தரப்பும்

உரிமத்தை எதிர்ப்பவர்களை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். உரிமம் வந்தால் கட்டணம் ஏறும். ஸ்பானிஷ் பேசும் அக்காவிடம் 60 டாலருக்கு எழுதிக்கொண்ட துப்புரவுத் தொழிலாளி பெரிய கடையில் பல மடங்கு கொடுக்க நேரும். 2011 விதிகளைப் பெரிய நிறுவனங்கள் வரவேற்றது தற்செயல் அல்ல என்ற சந்தேகத்திலும் சாரம் உண்டு. மோசடிக்காரன் தேர்வில் தேறிவிட்டும் மோசடி செய்வான் என்பதும் உண்மை. வரிச் சட்டத்தையே எளிமையாக்கினால் பாதி நோய் போய்விடும் என்பார்கள். அரசே நேரடியாக இலவசமாகக் கணக்கு வாங்கும் திட்டம் ஒன்று 2024இல் 12 மாநிலங்களில் தொடங்கி 2025இல் 25 ஆனது. 2026 பருவத்துக்கு அது கைவிடப்பட்டது.

ஆனாலும் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. நூலகத்தில் ஒரு சென்ட் வாங்காமல் எழுதும் எங்களுக்கு ஆண்டுதோறும் தேர்வு உண்டு. நூற்றுக்கு 80 எடுக்காவிட்டால் மேசையில் உட்கார முடியாது. நாங்கள் எழுதிய ஒவ்வொரு கணக்கையும் இன்னொருவர் சரிபார்த்தபின்தான் அனுப்பவேண்டும். எங்கள் மேசைக்கு வரக்கூடாத சிக்கலான கணக்குகளுக்கு நீண்ட பட்டியலே இருக்கிறது. இலவசமாக எழுதுபவனுக்குத் தேர்வு வைக்க முடிகிற அரசுக்கு, காசு வாங்குபவனுக்கு வைக்க அதிகாரம் இல்லை. ஏழைக்கு இது பாதுகாப்பா, எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்குப் புரிவதில்லை. மலிவான, திறந்த புத்தகத் தேர்வு ஒன்று, பல மொழிகளில், ஒருமுறை வைத்தால் போதும் என்பது என் கட்சி. அதைச் செய்ய வேண்டியது காங்கிரஸ்.

கையெழுத்துப் போடுமுன்

காங்கிரஸ் செய்யும் வரை நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான். நடைமுறையில் பயன்படும் சில:

1. எழுதுபவரின் பெயரை வருமானவரித் துறையின் இணையப் பட்டியலில் தேடுங்கள். வக்கீல், சி.பி.ஏ., என்ரோல்டு ஏஜெண்ட், 2014 விருப்பத் திட்டச் சான்று பெற்றவர் எல்லோரும் அதில் இருப்பார்கள்.

2. கணக்கின் இறுதியில் அவர் கையெழுத்தும் அடையாள எண்ணும் இருக்கவேண்டும். போட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். காலிப் படிவத்தில் நீங்களும் கையெழுத்திடாதீர்கள்.

3. ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரைத் தவிர்க்கவும். உங்கள் ரீஃபண்டைப் பெருக்குவதில் அவருக்கு லாபம், திருப்பிக் கட்டுவது நீங்கள்.

4. பணம் போகவேண்டிய வங்கி எண் உங்களுடையதுதானா என்று எண் எண்ணாகப் பாருங்கள்.

5. வெளிநாட்டு வங்கிக் கணக்கு இருக்கிறதா, விசா என்ன, எந்த ஆண்டு வந்தீர்கள் என்று அவர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காதவருக்கு நம் கணக்கு தெரியாது.

6. முழுப் பிரதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது சட்டப்படி உங்கள் உரிமை.

7. ஏமாற்றப்பட்டால் 14157 என்ற படிவத்தில் புகார் கொடுக்கலாம். உங்கள் அனுமதியின்றிக் கணக்கை மாற்றியிருந்தால் 14157-ஏ என்ற வாக்குமூலப் படிவமும் சேரவேண்டும்.

கணக்கின் அடியில் இருக்கும் வாசகம், பொய்யுரைத்தால் வரும் தண்டனைக்கு உட்பட்டு இதெல்லாம் உண்மை என்று உறுதிகூறுவது. அதில் முதலில் விழுவது நம் கையெழுத்து. யாரிடம் கொடுத்து எழுதினாலும் சரி, போடுமுன் ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிடுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தால் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். பதில் சொல்பவரிடம் காசு கொடுங்கள்.